எக்ஸிடர் கிராமத்துப் பத்தொன்பது வயதுக் காட்டேரி

இக்காலத்து ஆங்கில நவீனங்களிலும் திரைப்படங்களிலும் உலவுகிற இரத்தக் காட்டேரி, நம் தலைமுறையினருக்குப் பழக்கமான கறுப்பு அங்கியும் கோரைப் பல்லும் கொண்ட கிழட்டுப் பிரபு அல்லன். பதினாறு பதினேழு பிராயத்தோடு வயது நின்றுபோனவன், வெளிறிய முகத்தான், மற்றப் பிள்ளைகளைப்போலவே பள்ளிக்கூடம் போகிறவன், சிநேகிதர்களிடம் தன் இரகசியத்தை மறைக்கப் படாத பாடு படுகிறவன், எல்லாவற்றுக்கும் மேலாக, தான் நேசிக்கிற பெண்ணின் அருகே செல்லவும் அஞ்சுகிறவன், ஏனெனில் அவனுடைய நேசமே அவளுக்கு எமன். 2005-இல் ஸ்டெஃபனி மேயர் எழுதி உலகெங்கும் விற்றுத் தீர்ந்த நவீனத்தின் நாயகன் எட்வர்டு கல்லன் இத்தகையவன்தான். என்றும் பதினேழு வயதினனான அவன், 1918-இல் சிகாகோ நகரத்தில் இன்புளுயன்ஸா ஜுரத்தால் சாகக் கிடந்த சமயத்தில் காட்டேரியாக மாற்றப்பட்டவன் என்று ஆசிரியை கதை அமைத்திருக்கிறார். நேசிப்பவரை நேசமே கொல்லும் என்ற எண்ணத்தையும், அதன் பின்னே நிற்கும் கொள்ளைநோயின் நிழலையும் அந்த அம்மையார் தம் கற்பனையிலிருந்து புதிதாகப் படைத்தார் என்று எவரேனும் எண்ணினால் அது பிசகு. இவ்விரண்டும், நம் பாட்டனார் காலத்தில், வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்த ஒரு குடியானவர் வீட்டில், எழுத்துக்குரிய அலங்காரம் எதுவும் இல்லாமல், உள்ளபடியே நடந்தவை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்தீரணத்தில் மிகச் சிறியது ரோட் ஐலண்டு. அதன் தென்பகுதியில் உள்ள எக்ஸிடர், ஏர் பட்ட இடமெல்லாம் கல் புரளுகிற பூமி. அந்தக் கற்களைப் பொறுக்கிப் பொறுக்கி வரப்போரத்தில் சுவராக அடுக்கிவைப்பதிலேயே அங்கே பல தலைமுறைகளின் ஆயுள் கழிந்தது. 1820-இல் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வாழ்ந்த அவ்வூரில் 1892-இல் எஞ்சியவர்கள் 961 பேர். உள்நாட்டுப் போர் சிலரைக் கொண்டுபோயிற்று. மேற்கே கல்லில்லாத கரிசல் நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இரயிலேறியவர்கள் பலர். இருந்தவர்களை க்ஷயரோகம் பார்த்துக்கொண்டது. நம்மவர்கள் எலும்புருக்கி என்று சொல்லும் அந்த நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்காவின் வடகிழக்கில் மற்றெந்த நோயைக் காட்டிலும் அதிகமானவர்களை மாய்த்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழக் கால் பங்குக்கு அதுவே காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எக்ஸிடரில் ஜார்ஜ் பிரௌன் என்றொரு விவசாயி இருந்தார். அவருடைய மனைவி மேரி எலிஸா 1883-ஆம் ஆண்டு டிசம்பரில் க்ஷயத்தால் இறந்தார். மறு ஆண்டே மூத்த மகள் மேரி ஆலிவ் தாயைப் பின்தொடர்ந்தாள். இருபது வயதான அவள் உடை தைத்துச் சம்பாதித்தவள். தன் சவ அடக்கத்தின்போது பாடவேண்டிய தோத்திரப் பாட்டு இன்னதென்று தானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். ஊர் முழுவதும் திரண்டு வந்து அந்தப் பாட்டைப் பாடிற்று. பிறகு சில ஆண்டுகள் வீட்டில் சாவு இல்லை. நோய் போய்விட்டதென்றே நினைத்திருப்பார்கள். ஆனால் கடையில் குமாஸ்தாவாக இருந்த மகன் எட்வின், வாட்டசாட்டமான வாலிபன் என்று பத்திரிகைக்காரர் ஒருவரே வர்ணித்தவன், இருமத் தொடங்கினான். வறண்ட மலைக்காற்று சுவாசப்பைக்கு நல்லது என்பது அக்கால வைத்திய சித்தாந்தம். ஆகவே வசதி உள்ளவர்களைப் போலவே அவனும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் போனான்.

அவன் அங்கே இருக்கும்போதுதான், தாயும் தமக்கையும் இறந்த காலத்தில் சிறுமியாக இருந்த மெர்ஸி லீனா நோயில் விழுந்தாள். வீட்டார் அவளை லீனா என்றே அழைத்தார்கள். க்ஷயத்தில், வருஷக்கணக்காக அரித்துத் தின்பது ஒரு வகை. சில மாதங்களுக்குள்ளேயே ஆளை வீழ்த்துவது மற்றொரு வகை. லீனாவுக்கு வந்தது இரண்டாவது. அவள் தைத்ததாகச் சொல்லி உறவினர்கள் போற்றி வைத்திருந்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தவிர, அந்தப் பெண்ணின் விருப்பு வெறுப்புகளைப் பற்றியோ சிநேகிதிகளைப் பற்றியோ, அவளை எவனாவது மணக்க நினைத்தானா என்பது பற்றியோ சரித்திரத்தில் ஒரு வரியும் கிடையாது. அந்தப் போர்வையின் சித்திர வகைக்கு அந்நாட்டுப் பெண்கள் இட்ட பெயர் அலையும் கால் என்பதாகும். அதன் கீழே உறங்கியவர்கள் குடும்பத்தைப் பிரிந்து அலைவார்கள் என்று ஓர் ஐதிகமும் அவர்களிடையே வழங்கிற்று. 1892-ஆம் ஆண்டு ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் பத்தொன்பதாம் வயதில் லீனா இறந்தாள். உள்ளூர்ப் பத்திரிகை அவளுக்கு ஒதுக்கியது ஒற்றை வாக்கியம்.

நியூ இங்கிலாந்தின் ஜனவரியில் பூமி பாறையாக உறைந்துபோகும். குழி வெட்ட முடியாது. ஆதலால் அவளுடைய பெட்டியை மயானத்திலிருந்த சிறு கல் மண்டபத்தில், நிலம் இளகும்வரை வைத்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இந்தச் சாதாரணமான ஏற்பாடுதான் அவளைக் காட்டேரியாக்கிற்று.

எட்வின் குணமாகாமலே, சாகும் தறுவாயில் ஊர் திரும்பியிருந்தான். அப்போது அண்டை அயலார் சிலர் ஜார்ஜ் பிரௌனிடம் வந்து, அவ்வட்டாரத்தில் வழிவழியாக வந்த ஒரு பரிகாரத்தைச் சொன்னார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர்பின் ஒருவராக க்ஷயத்தில் மடிந்தால், இறந்தவர்களில் யாரோ ஒருவருடைய ஹிருதயத்தில் இன்னும் பச்சை இரத்தம் இருக்கிறதென்று பொருள். அந்த ஹிருதயம் உயிரோடிருக்கும் உறவினரின் சத்தை உறிஞ்சியே வாழ்கிறது. சவத்தைத் தோண்டி, ஹிருதயத்தை எடுத்துத் தகனம் செய்து, அந்தச் சாம்பலை நோயாளிக்குக் கொடுத்தால் அவன் பிழைப்பான். ஜார்ஜுக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை என்றே அக்காலத்துச் செய்தி கூறுகிறது. ஆனாலும் மனைவியையும் இரண்டு பெண்களையும் வாரிக்கொடுத்துவிட்டு, ஒரே மகன் கண்ணெதிரே உருகிக்கொண்டிருக்க, ஊரார் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நிற்கும்போது மறுத்துச் சொல்லும் தைரியம் எந்தத் தகப்பனுக்கு வரும்? அவருக்கு எதிரே இருந்த கேள்வி பேய் உண்டா இல்லையா என்பதன்று. ஒரே கூரையின் கீழ் நோயாளியோடு உண்டு உறங்கும் எஞ்சியவர்களை எப்படிக் காப்பது என்பதே. அந்தக் கேள்விக்கு 1892-இல் வைத்திய சாஸ்திரத்தின் கையில் விடை இருக்கவில்லை; ஊராரின் கையில் ஒன்று இருந்தது. அவர் இசைந்தார்.

மார்ச் 17-ஆம் தேதி காலையில், செஸ்ட்நட் ஹில் பாப்டிஸ்டு கோயிலுக்குப் பின்னாலுள்ள மயானத்தில் சில ஆண்கள் கடப்பாறையும் மண்வெட்டியுமாகக் கூடினார்கள். விக்ஃபோர்டு என்னும் ஊரிலிருந்து டாக்டர் ஹெரால்டு மெட்காஃப் வந்திருந்தார். தமக்கு இதில் இம்மியும் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். பிராவிடென்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்றின் நிருபரும் இருந்தார். ஜார்ஜ் பிரௌன் வரவில்லை. முதலில் தாயின் குழியைத் தோண்டினார்கள், பின்பு மூத்த மகளின் குழியை. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மண்ணில் கிடந்த அவ்விருவரிடத்தும் எலும்புக்கு மேல் அதிகமாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பிறகு லீனாவின் பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு மாதம், அதுவும் உறைபனிக் காலத்தில், கெடாமல் வைக்கப்பட்டிருந்த சரீரம் வேறெப்படி இருக்கும்? அப்படியே இருந்தது. டாக்டர் கத்தியை எடுத்து மார்பைத் திறந்து ஹிருதயத்தையும் ஈரலையும் வெளியே எடுத்தார். ஹிருதயத்தில் கட்டி தட்டிக் கெட்டுப்போன இரத்தம் கொஞ்சம் இருந்தது. இறந்து இவ்வளவு காலமான எந்த உடம்பிலும் இப்படித்தான் இருக்கும் என்றார் அவர். சுவாசப்பையைக் காட்டி, இதோ க்ஷயத்தின் அடையாளம் பரவிக் கிடக்கிறது என்றும் சொன்னார். அவர் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பாறையின்மேல் தீ மூட்டி ஹிருதயத்தையும் ஈரலையும் பொசுக்கினார்கள். சாம்பலைக் கரைத்து எட்வினுக்குப் புகட்டினார்கள். மே 2-ஆம் தேதி எட்வின் இறந்தான்.

ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய வைத்தியர், க்ஷயத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டுவிட்டதாகப் பெர்லின் நகரத்துச் சபையில் அறிவித்தது 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி. எக்ஸிடர் பாறையில் தீ எரிந்தபோது அந்த அறிவிப்புக்குப் பத்தாண்டு நிறைய ஒரு வாரமே பாக்கி. இந்தப் பொருத்தத்தைக் காட்டி, பட்டிக்காட்டு மூடர்கள் என்று நகைப்பது எளிது. அக்காலப் பட்டணத்துப் பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. ஆனால் கோக் கண்டது கிருமியை, மருந்தை அன்று. கிருமியின் பெயரைத் தெரிந்துகொண்ட டாக்டர் மெட்காஃபும், தெரிந்துகொள்ளாத குடியானவர்களும் எட்வினைப் பிழைப்பிக்கும் விஷயத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அன்றியும், ஒருவருடைய சாவு அவ்வீட்டாருக்குள்ளேயே அடுத்தவரைத் தேடிவருகிறது என்று கண்டறிந்தவகையில், படித்த வைத்தியர் பலர் க்ஷயம் பரம்பரை வியாதி என்று ஓதிக்கொண்டிருந்த காலத்தில், தொற்றின் உண்மைக்கு அருகே நின்றவர்கள் அந்தக் குடியானவர்களே என்று சொன்னாலும் குற்றமில்லை. பிரேதத்தின்மேல் பழி போட்டதுதான் அவர்கள் செய்த தவறு.

இந்தப் பரிகாரம் எக்ஸிடருக்கு மட்டும் உரியதன்று. 1784-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கனெக்டிகட் மாகாணத்து வில்லிங்டன் ஊர்ச் சபை உறுப்பினரான மோசஸ் ஹோம்ஸ் என்பவர், அயல்நாட்டிலிருந்து வந்த போலி வைத்தியன் ஒருவனுடைய பேச்சைக் கேட்டு ஐசக் ஜான்ஸன் என்பவர் தம் குழந்தைகளின் பிரேதங்களைத் தோண்டிய செய்தியைப் பத்திரிகைக்கு எழுதி, ஜனங்கள் அப்படிப்பட்டவர்களை நம்பவேண்டாம் என்று எச்சரித்தார். ஜனங்கள் எச்சரிக்கையைக் கேட்டதாகத் தெரியவில்லை. 1793-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வெர்மாண்ட் மாகாணத்து மான்செஸ்டரில், காப்டன் பர்ட்டன் என்பவருடைய இரண்டாம் மனைவி க்ஷயத்தில் கிடந்தபோது, அதே நோயில் இறந்துபோன முதல் மனைவி ரேச்சலின் சவத்தைத் தோண்டி, ஹிருதயத்தையும் ஈரலையும் ஊர்க் கொல்லனின் உலைக்களத்தில் எரித்தார்கள். அதைப் பார்க்க ஐந்நூறிலிருந்து ஆயிரம் பேர்வரை கூடியிருந்தார்கள் என்று உள்ளூர்க் குறிப்பு ஒன்று கூறுகிறது. இரண்டாம் மனைவி அந்த செப்டம்பரிலேயே இறந்தாள். 1817-இல் அதே மாகாணத்து உட்ஸ்டாக்கில் இறந்த பிரெடரிக் ரான்ஸம் டார்ட்மத் கல்லூரி மாணவன், வயது இருபது. அவனுடைய ஹிருதயமும் கொல்லுலையில்தான் வெந்தது. அதனால் அவன் குடும்பத்தில் சாவு நின்றபாடில்லை. மதிப்புள்ள வீடுகளிலும் நடந்த காரியம் இது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். ஊருக்கு ஊர் சம்பிரதாயம் மாறுபட்டது. மெய்ன் பகுதியிலும் மாஸசூஸெட்ஸின் பிளிமத் பக்கத்திலும் சவத்தைக் குப்புறப் புரட்டிப் போட்டு மூடுவதோடு சரி. வெர்மாண்டிலும் கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் எரித்தார்கள், சில இடங்களில் நோயாளியை அந்தப் புகையைச் சுவாசிக்கவும் வைத்தார்கள். கனெக்டிகட்டின் கிரிஸ்வோல்டு என்னும் ஊரில் 1990-இல் கிராவல் குழி ஒன்றின் பக்கத்தில் விளையாடிய சிறுவர்களின் கண்ணில் மண்டையோடுகள் பட்டதால் வெளிப்பட்ட பழைய மயானத்தில், மூடியின்மேல் பித்தளை ஆணிகளால் இரண்டெழுத்தும் 55 என்ற வயதும் பொறித்த ஒரு பெட்டிக்குள், தலையையும் தொடையெலும்புகளையும் எடுத்துக் கடற்கொள்ளைக்காரர் கொடியிலுள்ள சின்னம்போல மார்பின்மேல் அடுக்கியிருந்தார்கள். விலா எலும்புகளில் க்ஷயத்தின் தழும்பு இருந்தது. பல ஆண்டுகள் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தேடித் தொகுத்த மைக்கேல் பெல் என்னும் நாட்டார் வழக்காற்று அறிஞரின் கணக்கு எண்பது வரை போகிறது.

தத்துவஞானி தோரோ 1859-ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் நாட்குறிப்பில், வெர்மாண்டில் இவ்வாறு சவத்தின் உறுப்புகளை எரித்த குடும்பமொன்றைப் பற்றி வாசித்ததாகக் குறித்து, மனிதனுக்குள்ளிருக்கும் காட்டுமிராண்டி ஒருபோதும் முற்றிலும் அழிவதில்லை என்று வருந்துகிறார். அந்தக் குறிப்பை எழுதி மூன்றாண்டு முடியுமுன் அவரும் க்ஷயத்திலேயே இறந்தார். மகா ஞானிதான், ஆனாலும் அந்த வரியை எழுதும்போது, அந்த வீட்டில் எத்தனை பிரேதங்கள் முன்பு வெளியே போயிருக்கும் என்று அவர் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இந்த வழக்கத்துக்கு மூலம் ஐரோப்பாவில் இருக்கிறது. 1732-ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போது ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த செர்பியாவின் மெட்வெஜா கிராமத்துக்கு ஃபிளூக்கிங்கர் என்ற இராணுவ வைத்தியர் அனுப்பப்பட்டார். ஊரில் சாவு அடுத்தடுத்து விழுகிறது, செத்தவர்கள் வந்து குரல்வளையை நெரிக்கிறார்கள் என்பது புகார். ஸ்டானொய்க்கா என்னும் இருபது வயதுப் பெண், நல்ல சுகத்தோடு படுத்தவள், நள்ளிரவில் அலறி எழுந்து, ஒன்பது வாரங்களுக்கு முன் இறந்த ஒரு ஹைதுக்கின் மகன் தன் கழுத்தை நெரித்தான் என்று சொல்லி, மூன்று நாளில் இறந்தாள். ஹைதுக்குகள் என்போர் எல்லைக் காவலில் அமர்த்தப்பட்ட வீரர்கள். வைத்தியர் வரிசையாகக் குழிகளைத் திறக்கச் செய்து, கண்டதை ஒவ்வொன்றாக எழுதினார். அந்தப் பட்டியலில் பதினாறு வயது ஹைதுக் மகன் ஒருவன், பதினேழு வயதான ஜோவாக்கிம் என்ற மற்றொருவன், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆகியோர் இருக்கிறார்கள். அவர்கள் சரீரம் அழியவில்லை என்று வைத்தியர் சான்று கூறினார். தலைகளைத் துண்டித்து, உடல்களை எரித்து, சாம்பலை மொராவா நதியில் கரைத்தார்கள். இன்றைய நவீனங்களின் பிள்ளைக் காட்டேரிகளுக்குச் சர்க்கார் தஸ்தாவேஜில் முன்னோர் வேண்டுமென்றால் இந்தப் பிள்ளைகளைத்தான் காட்டவேண்டும். அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பையனுக்கும் உயிரோடிருந்தபோது என்ன சிநேகம், என்ன பகை என்று விசாரிக்க வைத்தியருக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வயதும் வயிற்றிலிருந்த இரத்தமும்தான். அந்த அறிக்கை ஐரோப்பா முழுவதும் அச்சேறிப் பரவிற்று. 1755-இல் மகாராணி மரியா தெரேஸா, தம் அரண்மனை வைத்தியர் வான் ஸ்வீட்டனின் ஆலோசனைப்படி, அதிகாரிகளின் அனுமதியின்றிச் சவங்களைத் தோண்டக்கூடாதென்று உத்தரவிட்டார். அங்கே சட்டத்தால் அடங்கிய வழக்கம், முப்பதாண்டு கழித்து அட்லாண்டிக்குக்கு அப்பால் தலைதூக்குவதைத்தான் வில்லிங்டன் கடிதத்தில் காண்கிறோம். ஹோம்ஸ் குறிப்பிட்ட அந்த அயல்நாட்டுப் போலி வைத்தியனைப் போன்றவர்கள் கொண்டுவந்து சேர்த்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஜனங்களின் வழக்கம் ஒருபுறம் இப்படிப் போக, எழுத்தாளர்கள் மறுபுறம் காட்டேரிக்குப் பட்டு உடுத்தினார்கள். 1819-இல் பாலிடோரி படைத்த காட்டேரி ஒரு பிரபு. ஐரிஷ்காரரான லெ ஃபானு 1871-72-இல் தொடர்கதையாக எழுதிய கார்மில்லாவில்தான் நம் கதைக்கு வேண்டிய சேர்க்கை முதன்முதலில் கூடுகிறது. தனிமையான மாளிகையில் தோழமைக்கு ஏங்கும் லாரா என்ற பத்தொன்பது வயதுப் பெண். விருந்தாளியாக வந்து சேரும் கார்மில்லா என்ற அழகி. இருவருக்கும் இடையே சிநேகமா காதலா என்று பிரித்துச் சொல்ல முடியாத பந்தம். நெருங்க நெருங்க உடல் நலிகிற லாரா. இதைப் படிக்கிறவர்கள் பேயைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு நோயை மட்டும் கவனித்துப் பார்க்கவேண்டும். வெளிறிய தோல், மாலையில் கன்னத்தில் ஏறும் செம்மை, இரவில் மார்பை அழுத்தும் பாரம், இளைக்க இளைக்கப் பெரிதாகத் தோன்றும் கண்கள், கடைவாயில் கசியும் இரத்தம் ஆகிய இவையெல்லாம் அந்நூற்றாண்டின் வைத்தியர் எவரும் தினந்தோறும் பார்த்தவை. க்ஷயத்தை அழகான நோய் என்று கவிகள் கொண்டாடிய காலம் அது. கொண்டாடியவர்களில் இருமியவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

1896-இல் இரண்டு ஓடைகளும் சந்தித்தன. அவ்வாண்டு ஜனவரியில் ஜார்ஜ் ஸ்டெட்ஸன் என்பவர் அமெரிக்க மானிடவியல் சஞ்சிகையில் ரோட் ஐலண்டு வழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிப்ரவரியில் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகை அதே விஷயத்தைப் பரபரப்பாக வெளியிட்டது. எக்ஸிடர் குடியானவர்கள் தாங்கள் செய்ததைக் காட்டேரி விரட்டல் என்று அழைத்ததில்லை. அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் பத்திரிகைக்காரர்களே. அந்த நியூயார்க் பத்திரிகைத் துணுக்கைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர்களில் ஒருவர், லண்டனில் நாடகக் கொட்டகை நிர்வாகியாக இருந்துகொண்டே டிராகுலா என்ற நாவலை எழுதிக்கொண்டிருந்த பிராம் ஸ்டோக்கர். அவருடைய குறிப்புகளோடு அந்தத் துணுக்கு இன்றும் பிலடெல்பியாவிலுள்ள ரோஸன்பாக் நூலகத்தில் இருக்கிறது. 1897-இல் வெளிவந்த அந்நாவலில் லூஸி என்றொரு பெண் வருகிறாள். அவளுக்கும் பத்தொன்பது வயது. மீனா என்னும் பள்ளித்தோழியிடம் நெஞ்சைத் திறந்து கடிதம் எழுதுகிறாள்; ஒரே நாளில் மூன்று ஆடவர்கள் அவளை மணக்கக் கேட்கிறார்கள்; ஒருவனை ஏற்கிறாள். பிறகு காரணம் தெரியாமல் மெலிந்து, வெளிறி, இறந்து, இறந்தபின் குழந்தைகளைத் தேடி அலைகிறாள். இறுதியில் அவள் மார்பில் கூரிய மரக்கோலை அறைவது பகைவன் அல்லன். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மணமகனே. லூஸிதான் லீனா என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போக இடமில்லை. ஸ்டோக்கரின் குறிப்புகள் 1890-லேயே தொடங்கிவிட்டன. ஆனாலும் நேசித்தவன் கையாலேயே அந்தக் காரியம் நடக்கவேண்டும் என்ற ஒன்றில், எக்ஸிடரின் பாறையும் ஸ்டோக்கரின் கல்லறையும் ஒத்திருக்கின்றன. லீனாவின் மார்பைப் பிளக்க அனுமதி கொடுத்தவர் அவளுக்கு விரோதியல்ல, பெற்ற தகப்பன்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. எக்ஸிடருக்கு அடுத்த மேற்கு கிரீனிச்சில் 1889-இல் இறந்த நெல்லி வான் என்ற பெண்ணும் பத்தொன்பது வயதினள். அவளுடைய கல்லறைக் கல்லில், உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன் என்ற கருத்தமைந்த சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மோட்சத்தில் மறுபடியும் சந்திப்போம் என்று பெற்றோர் எழுதுவித்த, கிறிஸ்தவக் கல்லறைகளில் சகஜமான வாசகம். 1960-களின் பிற்பகுதியில் ஓர் உபாத்தியாயர் வகுப்பில் பத்தொன்பது வயதுக் காட்டேரியின் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்லிவைக்க, பிள்ளைகள் அவளைத் தேடிக் கிளம்பி, லீனாவின் ஊருக்குப் போகாமல் நெல்லியின் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது வழங்கிவரும் விவரம். வயதும் சரியாக இருந்தது. வாசகமும் நடுங்க வைத்தது. அன்று முதல் இராக்காலங்களில் பையன்களும் பெண்களும் ஜோடி ஜோடியாகவும் கும்பலாகவும் அங்கே போய்த் தைரியத்தைச் சோதித்துக்கொள்வதும், கல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்து ஞாபகார்த்தமாகக் கொண்டுபோவதும் வழக்கமாகி, கடைசியில் அந்தக் கல்லையே அங்கிருந்து அப்புறப்படுத்தவேண்டி வந்தது. உயிரோடிருந்த காலத்திலும், இறந்தபின் எழுபது எண்பது ஆண்டுகள் வரையிலும், அந்தப் பெண்மீது எவரும் எந்தப் பழியும் சொன்னதில்லை. லீனாவின் கல்லையும் 1996-இல் யாரோ திருடிப்போய், அது மீட்கப்பட்டது. இப்போது இரும்புப் பட்டை போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். காட்டேரிகள் உயிரோடிருப்பவர்களுக்குச் செய்த கேட்டைவிட, உயிரோடிருப்பவர்கள் அந்த இரு பெண்களுக்குச் செய்தது அதிகம்.

ஜார்ஜ் பிரௌன் நோயின்றி 1922 வரை வாழ்ந்தார். அவர் எதிர்கொண்ட கேள்விக்குப் பதில் வர இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க நேர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைஸின் 1944-இலும், ஐஸோநையாஸிட் 1952-இலும் வந்தபின் க்ஷயம் குணமாகும் நோயாயிற்று. ஆனால் நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டால் மனைவி மக்களுக்கு ஆபத்தாயிற்றே, அவனைப் பிரித்து மலைக்காற்று வீசும் ஸானடோரியத்தில் அல்லவா வைக்கவேண்டும் என்ற பயம் மட்டும் வைத்தியர்களிடமே நீங்கவில்லை. எட்வினைக் கொலராடோவுக்கு அனுப்பிய அதே எண்ணம். அதைச் சோதித்துத் தீர்த்தது நம்முடைய சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து அமைத்த க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில், சென்னையின் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை ஸானடோரியத்திலும் மற்றொரு பிரிவாரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். போஷாக்கும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். தொடர்ந்து ஐந்தாண்டுகள் கவனித்துப் பார்த்தும், வீட்டில் மருந்துண்டவர்களுடைய குடும்பத்தாருக்கு, மற்றவர் குடும்பத்தாரைக் காட்டிலும் அதிகமாக நோய் காணவில்லை. முதலாண்டு முடிவுகள் 1959-இல் வெளியாயின. அதன் பிறகு உலகெங்கும் ஸானடோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. க்ஷயரோகி தன் வீட்டிலேயே, தன் மனிதர்களோடு இருந்து மருந்துண்பது நடைமுறையாயிற்று.